இருமல் பொத்தானும் என் மாமனார் மீசையும்

வாய்க்குப் பூட்டு இருக்கிறது என்று நம்புகிறவன்தான் அதிகமாக உளறுவான். பூட்டே இல்லாதவன் பயத்தில் கொஞ்சம் அடக்கி வாசிப்பான். என்னிடம் ஒரு பூட்டு இருந்தது. சிவப்பு நிறம், கட்டைவிரல் அகலம். நேரடி வர்ணனை செய்கிறவர்களின் மேசையில் அது இருக்கும். பெயர் இருமல் பொத்தான். தொண்டை கரகரத்தால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமலாம். அழுத்தியிருக்கும்வரை மைக்குக்குக் காது கேட்காது, நேயர்களுக்கும் கேட்காது. நான் அதை இருமுவதற்குப் பயன்படுத்தியதாக நினைவே இல்லை. வம்பு பேசுவதற்கு இதைவிட வசதியான சாதனத்தை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது அப்போது என் கருத்து.

அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு, கல்யாணத்துக்கு இன்னும் சம்மதம் சொல்லாத என் வருங்கால மாமனாரைப் பற்றி, பல நாட்டுத் தொலைக்காட்சிகளில் நான் பேசிய கதை இது. (ஆமா, நேரடி ஒளிபரப்புதான். மறு ஒளிபரப்பும் உண்டு. அதுக்குப் பின்னால வர்றேன்.)

அப்போது நான் சிங்கப்பூரில் ஓர் ஒளிபரப்பு நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் இளம் தயாரிப்பாளன். இங்கே 'இளம்' என்பது வயதைச் சொல்லவில்லை. தலைக்கு மேலே நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. சுவா சூ காங்கில் அம்மாவோடு குடியிருந்தேன். வர்ணனை எழுதி எழுதி, வாயைத் திறந்தாலே மேடைத் தமிழ் கொட்டுகிற வியாதி எனக்கு முற்றியிருந்தது. ஒருமுறை காப்பிக் கடையில் "தேநீர் ஒன்று தருகிறீர்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாலில்லாத தே-ஓவா, பால் ஊத்துன தே-சியா, அத மொதல்ல சொல்லுப்பா" என்றார். கவிதா பக்கத்தில் நின்று சிரித்தாள். "நீ பேசறப்பல்லாம் கீழ சப்டைட்டில் ஓடணும் லா" என்றாள்.

கவிதாவைத்தான் நான் கட்டிக்கொள்ள இருந்தேன். மலேசியாவில் ஈப்போக்காரி. சிங்கப்பூர் நிரந்தரவாசியாகி, குவீன்ஸ்டவுனில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் காதலைச் சொல்வதற்குப் பூவெல்லாம் தேவையில்லை. "சேர்ந்து வீட்டுக்கு அப்ளை பண்ணலாமா?" என்று கேட்டால் போதும், அதற்கு மேல் உருக்கமான வசனம் கிடையாது. நானும் கேட்டேன், அவளும் சரி என்றாள். பாசிர் ரிஸ்ஸில் ஓர் அரசாங்க அடுக்குமாடி வீடும் குலுக்கலில் விழுந்துவிட்டது. கல்யாணம் நடந்தால்தான் சாவி. கல்யாணத்துக்கு அவள் அப்பா தலையாட்ட வேண்டும். அவரோ தலையை ஆட்டாமல் மீசையை மட்டும் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ராஜமாணிக்கம். மலேசியாவில் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள். மாப்பிள்ளை பார்க்கச் சுவா சூ காங் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நான் கை கூப்பி, "தங்கள் வருகையால் இவ்வில்லம் பொலிவு பெற்றது" என்றேன். அவர் திரும்பி மகளிடம், "என்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

உள்ளே வந்தவர் உட்காரவே இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். கழிப்பறைத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அடுக்களைக்குப் போய், கேட்காமல் கொள்ளாமல் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, "முட்டை மட்டும்தான் இருக்கு" என்று அறிவித்தார். அம்மா அன்றைக்குப் பார்த்து எல்லாவற்றையும் சமைத்து மேசையில் வைத்திருந்தாள், ஃபிரிட்ஜ் காலியாகாமல் என்ன செய்யும்? பிறகு சன்னலோரம் போய் நின்றார். எங்கள் வீட்டுச் சன்னலுக்கு எதிரே எல்ஆர்டி என்கிற குட்டி ரயில் போகும். ஒவ்வொரு வண்டிக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஓட்டுறதுக்கு ஆளே இல்லையா?" என்று கேட்டார். இல்லை, தானாக ஓடும் என்றேன். ஓட்டுநரும் கொடியும் இல்லாத ரயில் ஓடுகிற ஊரில் பெண்ணைக் கொடுப்பதா என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

கிளம்பும்போது அவர் சொன்னது இதுதான்: "டிவியில வேலைங்கிறீங்க. பேசறதே வேலையா? ஒங்க பேச்சு எனக்கு ஒண்ணும் புடிபடல தம்பி. தீபாவளிக்கு ஒங்க நிகழ்ச்சி எங்க ஊர்லயும் வருதாம். பாத்துட்டுச் சொல்றேன்."

நிகழ்ச்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். பல நாடுகளின் தேசிய ஒளிபரப்பு நிலையங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. பெயர் நீளம். சொல்லி முடிப்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடும். நோக்கம் உயர்ந்தது. பெரிய நாடு, குட்டித் தீவு என்று பார்க்காமல் ஒருவர் எடுத்த படத்தை மற்றவர் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஓரிடத்தில் நிலநடுக்கம் என்றால் அந்த ஊர்க் காட்சி எல்லாருக்கும் வந்து சேரும். வசதியுள்ள நிலையம் வசதியில்லாத நிலையத்தின் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும். இதுவரை கிண்டல் இல்லை, உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் பகிர்வு என்று வந்துவிட்டால், ஒவ்வொரு நாடும் தன் சொந்த மக்களே பார்க்காத படத்தைத்தான் தாராளமாகத் தூக்கிக் கொடுக்கும். ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போகிற படம் மட்டும் எங்கள் அலுவலகத்தில் பல தேசத்து ஆமைகளோடு இருந்தது. நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பதிலுக்குக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறையைப் பற்றிய படத்தை அனுப்பிவைத்தோம்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் யாரோ ஒருவருக்கு நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு நாடும் தன் பண்டிகை ஒன்றைப் பத்து நிமிடம் நேரடியாகக் காட்ட வேண்டும், மற்றவர்கள் அதை வாங்கி ஒளிபரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விழுந்தது தீபாவளிக்கு முந்தைய மாலை, எங்கள் ஊர்த் தமிழ்க் கடைவீதியான தேக்கா. எங்கள் நிலையத்தில் பெரிய பிரிவுகளெல்லாம் ஒரே சமயத்தில் 'பிஸி' ஆகிவிட்டதால் வேலை தமிழ்ப் பிரிவுக்கு வந்தது. வேலை மட்டும்தான் வந்தது. பட்ஜெட் எங்கேயோ வழியில் இறங்கிவிட்டது. எங்கள் பிரிவின் தலைவி கோமளா மேடம் என்னைக் கூப்பிட்டு, "மாறன், இத்தனை நாடு பாக்கும். சொதப்பிடாத" என்றார். அப்படிச் சொன்ன பிறகு நான் சொதப்பாமல் இருந்ததே கிடையாது என்பது அவருக்கு நினைவில்லை போலும்.

இந்த மாதிரி நிகழ்ச்சியில் ஒரு முறை உண்டு. படம் ஒன்றுதான், ஒலி மட்டும் இரண்டாகப் போகும். எங்கள் ஊர் நேயர்களுக்குப் படத்தோடு எங்கள் வர்ணனை போகும். வெளிநாடுகளுக்குப் படத்தோடு அந்த இடத்தின் இயற்கை ஒலி மட்டும் போகும்: மேளம், மணி, கூட்டத்தின் இரைச்சல். அந்தந்த நாட்டு வர்ணனையாளர் அதன் மேல் தன் மொழியில் பேசிக்கொள்வார். நடுநடுவே பேச்சை நிறுத்தி, இயற்கை ஒலியைக் கேட்கவிடுவது சங்கத்தின் மரபு. அதனால் அந்த இயற்கை ஒலியில் யாருடைய பேச்சும் இருக்கக் கூடாது. விதிகளிலேயே முக்கியமான விதி இது. அந்த விதியைக் காப்பாற்றப் போய்த்தான் நான் கெட்டேன்.

ஒலிக்குப் பொறுப்பு அஸ்மான். மலாய்க்காரர், தொழிலில் கெட்டி, தமிழில் 'வணக்கம்' மட்டும் தெரியும். இயற்கை ஒலிக்கான மைக்கை அவர் முதலில் கேம்பல் லேனில் ஒரு பூக்கடைக்கு மேலே கட்டியிருந்தார். மிகச் சரியான இடம். ஒத்திகையில் காதுக்கருவியை மாட்டிக் கேட்டேன். பூக்காரர் கத்துகிறார். ஒரே புடவையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உறவுமுறை சொல்லித் திட்டிக்கொள்கிறார்கள். கப்பல் பட்டறைத் தொழிலாளர் ஒருவர் சாலைக்கு மேலே கட்டிய விளக்கு மயிலைக் காட்டி, ஊரில் இருக்கும் மனைவியிடம் வீடியோவில், "இந்தா பாரு மயிலு, பெரிய மயிலு, பாப்பாவுக்குக் காட்டு" என்கிறார். அதைவிட உயிருள்ள தீபாவளி ஒலி உலகத்தில் கிடைக்காது. ஆனால் நான் யார்? விதி தெரிந்தவன்.

"அஸ்மான், இதில் பேச்சு இருக்கிறது. மைக்கை மாற்ற வேண்டும்" என்றேன் ஆங்கிலத்தில். (எங்க ஆங்கிலத்துல. முடியறப்ப ஒரு 'லா' வரும்.)

தீபாவளிக்கு முந்தைய நாள் தேக்காவில் தமிழர்கள் பேசாத இடத்தைத் தேடி நானும் அஸ்மானும் அலைந்தோம். அப்படி ஓர் இடம் இல்லை. கடைசியில் எனக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது. சிராங்கூன் சாலையோரம் எங்கள் வர்ணனைக்காக உயரமாக ஒரு மேடை போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு மேலே, காற்றோட்டமாக, அமைதியாக இருந்தது.

"இங்கே கட்டுங்கள்" என்றேன். "இந்த இடத்தில் என்னைத் தவிர வேறு யாரும் பேசப் போவதில்லை."

இந்த வாக்கியத்தை நானேதான் சொன்னேன். என் வாயால், என் காது கேட்க.

அஸ்மான் என்னையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "யூ ஷுவர் ஆ?" என்றார். "ஷுவர்" என்றேன். தயாரிப்பாளர் சொன்னால் சொன்னதுதான் என்று அவர் அந்த மைக்கை, அதன் பஞ்சுக் குல்லாயோடு, என் உச்சந்தலைக்கு ஒரு முழம் மேலே கட்டிவிட்டுப் போனார். எங்கள் ஊர் நேயர்களுக்கு அந்த மைக் போகாது. அவர்களுக்கு என் வர்ணனைக்குக் கீழே பதிவு செய்த நாதஸ்வரத்தை ஓடவிடச் சொல்லியிருந்தேன். தெரு இரைச்சல் என் தமிழுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

நேரம் வந்தது. மேடையில் நானும் சுரேஷும். சுரேஷ் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் என்னோடு ஒரே அறையில் படுத்துக்கிடந்தவன், இப்போது நிலையத்தில் மேடை உதவியாளன். அடுத்தவன் துயரத்தைக் கேட்பதில் அவனுக்கு அளவற்ற ஆர்வம். என் மேசையில் வர்ணனை மைக்கும் இருமல் பொத்தானும் இருந்தன. நான் கொஞ்ச நேரம் தமிழில் பேசுவேன், பிறகு நிலையத்தில் இருக்கும் ஆங்கில வர்ணனையாளர் கொஞ்சம் பேசுவார். அவர் பேசும்போது நான் பொத்தானை அழுத்திக்கொள்வேன்.

சாலை முழுக்க விளக்குகள் எரிந்தன. நான் தொடங்கினேன்.

"ஒளியெனும் பட்டுடுத்தி ஒய்யாரமாய் நிற்கிறாள் சிராங்கூன் சாலை நங்கை! காண்போர் விழிகளில் களிப்பு வெள்ளம்!"

பொத்தானை அழுத்தினேன்.

"டேய் சுரேஷ், அந்தப் பெரிய மயிலுக்கு ஒரு கண்ணு எரியல பாரு. எவன்டா மாட்டுனான்?"

"அது கெடக்கட்டும். மாமனார் வந்தாராமே, என்ன ஆச்சு?"

"அத ஏன் கேக்குற..." என்று ஆரம்பிப்பதற்குள் என் முறை வந்துவிட்டது. பொத்தானை விட்டேன்.

"அன்பும் பண்பும் கைகோத்து உலா வரும் இந்நன்னாளில், உறவுகளைப் போற்றுதல் நம் மரபன்றோ!"

மறுபடி அழுத்தினேன்.

"மீசையா அது? லெவல் கிராசிங் கேட்டு! அது மேல ஏறினாத்தான் நம்ம வண்டி போகும். வந்ததுலேர்ந்து கேட்டு எறங்கியே இருக்குடா."

சுரேஷ் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். பேசுகிறவனுக்கு அதைவிட வேறு என்ன ஊக்கம் வேண்டும்? "ஃபிரிட்ஜத் தொறந்து பாத்துட்டு, 'முட்டை மட்டும்தான் இருக்கு'ன்றாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நான் என்ன கோழியா? அப்புறம் சன்னல்கிட்ட போய் நின்னு எல்ஆர்டிக்கு டைம் பாக்குறாரு. ரிட்டயர் ஆயிட்டாருன்னு யாராச்சும் அவர்கிட்ட சொல்லுங்கடா!"

பொத்தான், வர்ணனை, பொத்தான், வர்ணனை என்று பத்து நிமிடம் ஓடியது. அவர் நடக்கும் நடையையும் அம்மா வைத்த ரசத்தை மோந்து பார்த்ததையும்கூட விடவில்லை. கடைசி முறை பொத்தானை அழுத்திக்கொண்டு, சிரிப்பெல்லாம் வற்றிப்போய் ஒன்று சொன்னேன்: "ஆனா பயமா இருக்குடா. அந்த ஆளு வேணாம்னு சொல்லிட்டா, அவ இல்லாம நான் என்னடா செய்வேன்?" அப்புறம் உடனே பொத்தானை விட்டு, "ஒளி பெருகட்டும், உலகம் செழிக்கட்டும், நன்றி, வணக்கம்!" என்று முடித்தேன்.

கைதட்டல். கோமளா மேடம் போனில், "பிரமாதம்!" என்றார். அஸ்மான் மேடைக்கு ஏறி வந்து கை கொடுத்தார். "நைஸ் ஆம்பியன்ஸ், பிரதர். வெரி லைவ்லி." இயற்கை ஒலியைத்தான் பாராட்டுகிறார், அதற்கென்ன என்று நானும் பெருந்தன்மையோடு தலையசைத்தேன். வெளிநாட்டு ஒலியை முழுக்கக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். தேக்காவில் தமிழ்ப் பேச்சு கேட்காமல் இருந்தால்தான் அவர் சந்தேகப்பட்டிருப்பார்.

பிறகு கவிதாவிடமிருந்து போன் வந்தது. தீபாவளிக்காக ஈப்போ போயிருந்தாள்.

"எப்படி இருந்தது என் வர்ணனை?" என்றேன்.

"நீ என்ன பண்ணி வச்சிருக்கன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள். குரல் மிக மெதுவாக வந்தது. ஏதோ அறைக்குள் ஒளிந்துகொண்டு பேசுகிறாள் என்று புரிந்தது.

நடந்ததை அவள் சொன்னாள். மாப்பிள்ளையாக வரப்போகிறவனின் நிகழ்ச்சி என்று அவள் அப்பா சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தையும் அழைத்துக் கூடத்தில் உட்காரவைத்திருக்கிறார். முறுக்கெல்லாம் சுற்றி வந்திருக்கிறது. மலேசிய நிலையத்தின் தமிழ் வர்ணனையாளர் முதலில் நன்றாகத்தான் பேசியிருக்கிறார். மயிலின் கண்ணைப் பற்றி என் குரல் கேட்டதும் கொஞ்சம் தடுமாறியிருக்கிறார். லெவல் கிராசிங் கேட் வந்ததும், "நேயர்களே, இனி நாம் சிங்கப்பூர் தேக்காவின் இயற்கை ஒலியைக் கேட்டு மகிழ்வோம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாராம். மூடியவர் கடைசிவரை திறக்கவே இல்லை.

"அப்பா என்ன சொன்னாங்க?"

"பட்டன அமுக்கிட்டா கேக்காதுன்னு நெனச்சுப் பேசியிருக்கான்னு நான் சொல்லிப் பாத்தேன். எழுந்து போயி கண்ணாடியப் பாத்தாரு."

நான் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே அந்தப் பஞ்சுக் குல்லாய் மைக் ஒரு தப்பும் செய்யாத முகத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எது பெரிய அவமானம் என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மறுநாள் சங்கத்தின் உறுப்பு நாடுகளிலிருந்து பாராட்டு வந்து குவிந்தது. மலைநாட்டு நிலையம் ஒன்று, "அந்தப் பண்டைய மந்திர உச்சாடனம் எங்கள் நேயர்களை மெய்சிலிர்க்க வைத்தது" என்றது. இன்னொரு நாட்டில், இரண்டு பூசாரிகள் மாறி மாறிச் சொல்லும் தோத்திரம் என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். (சுரேஷ் சிரிச்சதெல்லாம் பக்திப் பரவசத்துல சேந்துடுச்சு.) பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாட்டுக்காரர்கள் மட்டும் இது பண்டிகை வாழ்த்து என்று முடிவு செய்தார்கள். அவர்கள் ஊரில் தமிழே கிடையாது. திருத்தவும் ஆள் இல்லை.

கோமளா மேடம் பதிவை முழுவதும் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் வேலை போகிறது என்றே நினைத்தேன். அவர் சொன்னது: "விதிப்படி இது தப்பு. ஆனா இத்தனை நாடு பாராட்டியிருக்கே. பாராட்டு வந்த பிறகு தப்புன்னு நாம சொல்லிக்கக் கூடாது." அந்த ஆண்டுக் கூட்டத்தில் 'மண்ணின் மணம் மாறாத ஒலிக்காக' எங்கள் நிலையத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. பெரிய அதிகாரிதான் மேடை ஏறி வாங்கினார். இன்றும் வரவேற்பறையில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன்.

ஆனால் கேடயமெல்லாம் பிறகு வந்தது. எனக்கு வேண்டியது ஈப்போவில் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்துக் கிளம்பினேன். வழி நெடுக மன்னிப்பை எழுதி எழுதி மனப்பாடம் செய்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், அதிலும் இரண்டு இடத்தில் எதுகை போட்டிருந்தேன்.

வாசலில் கவிதா நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் உள்ளே கைகாட்டினாள். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். மீசை இருந்தது. எண்ணெய் தடவி, முன்னைவிட முறுக்கேறி இருந்தது. கூடத்தில் இன்னும் ஓரிரண்டு உறவினர்கள் மிச்சமிருந்தார்கள். இந்தக் காட்சிக்காகவே ஊருக்குத் திரும்பாமல் தங்கியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

நான் கை கூப்பினேன். "பெருமதிப்பிற்குரிய ஐயா, அறியாமையால் அடியேன் இழைத்த பிழையைத் தாங்கள் பெருந்தன்மையோடு..."

அவர் கையை உயர்த்தினார். பழைய நாளில் வண்டியை நிறுத்த அப்படித்தான் உயர்த்தியிருப்பார்.

"தம்பி," என்றார், "அந்தப் பட்டன அமுக்கிட்டுப் பேசுப்பா."

எனக்குப் புரியவில்லை. விழித்தேன்.

"பட்டன அமுக்காம நீ பேசறது எனக்குப் புரியவே இல்ல. சிங்கப்பூர் வந்தப்பயும் புரியல. இவன் வாயில நிசமே வராதான்னுதான் ஒன்ன எனக்குப் புடிக்கல. அன்னைக்கு டிவியில நீ பட்டன அமுக்குனப்பதான் மொத மொறையா நீ யாருன்னு கேட்டேன். ம்... அமுக்கு."

இல்லாத பொத்தானை நான் அந்த வீட்டுக் கூடத்தில், சாட்சிகள் பார்க்க, கட்டைவிரலால் காற்றில் அழுத்தினேன். வேறு வழி?

"தப்புத்தான் அங்கிள். பேசியிருக்கக் கூடாது. ஆனா நீங்க ஃபிரிட்ஜத் தொறந்தது எனக்குக் கோவமாத்தான் இருந்துச்சு."

கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் அசையவில்லை.

"ஏன் தொறந்தேன்னு கேட்டியா? எம்பொண்ணு வேலைக்குப் போறவ. நின்னுக்கிட்டே சாப்பிடற புள்ள. அவங்கம்மா போன பொறவு அவளுக்கு நான்தான் சமைச்சுப் போட்டேன். போற வீட்டுல சோறு இருக்கான்னு பாத்தேன்லா. வேற என்னாத்தப் பாக்கச் சொல்ற?"

(அந்த நேரத்துல நிசமாவே ஒரு இருமல் பொத்தான் தேவைப்பட்டது.) மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், "நான் சமைப்பேன் அங்கிள். முட்டை நல்லா பொரிப்பேன்" என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு சொன்னியே, பயமா இருக்குன்னு," என்றார் அவர். "இப்ப அத என்னப் பாத்துச் சொல்லு."

சொன்னேன். அவரைப் பார்த்துத்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அதில் ஓர் அடைமொழியும் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு இரண்டு கையாலும் மீசையின் இரண்டு முனைகளையும் பிடித்து மேலே தூக்கினார்.

"கேட்டு தொறந்தாச்சு," என்றார். "வண்டி போலாம்."

இப்போது பாசிர் ரிஸ் வீட்டுக்கு வருடத்தில் பாதி நாள் மாமா வந்துவிடுகிறார். ஃபிரிட்ஜை அவரே நிரப்புகிறார், அவரே திறந்து பார்த்துக் குறையும் சொல்கிறார். என் மகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் முதலில் அவர் முகத்தைப் பார்த்து, "தாத்தா, கேட்டு தொறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள். நான் கொஞ்சம் அலங்காரமாகப் பேசிவிட்டால் போதும், வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டைவிரலைக் காட்டுவார்கள்.

அந்த மலேசிய வர்ணனையாளரை ஒரு கூட்டத்தில் பிடித்துக் கேட்டேன். "ஏன் சார், குறுக்கே பேசிக் காப்பாற்றியிருக்கக் கூடாதா?" அவர் நிதானமாக, "தம்பி, நானும் தலை நரைக்கிற வரைக்கும் வர்ணனை பண்ணிட்டேன். அவ்வளவு நல்ல வர்ணனைய நான் கேட்டதே இல்ல. மேல பேச மனசு வரலைப்பா" என்றார். அண்டை நாட்டு ஒத்துழைப்பு என்பது இதுதான்.

சங்கத்தில் பகிர்ந்துகொண்ட நிகழ்ச்சிகள் எல்லாருக்கும் பொதுவான சேமிப்பில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், திரும்பப் பெற வழியில்லை. அதனால் ஆமைக்குஞ்சுகளோடு சேர்ந்து என் பத்து நிமிடமும் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

போன முறை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சிங்கப்பூரிலேயே நடந்தது. பேராளர்களைத் தேக்காவில் சாப்பிட அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு. மாமாவும் வருவேன் என்று அடம்பிடித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாழையிலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் குட்டித் தீவு நாட்டு நிலையத்தின் பெரியவர், பூப்போட்ட சட்டையும் பரந்த சிரிப்புமாக எங்கள் மேசைக்கு வந்தார். மூத்த தமிழர் ஒருவரைப் பார்த்ததில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்கள் நிகழ்ச்சியைப் போடுகிறோம், உங்கள் மொழியில் வாழ்த்துச் சொல்ல எங்கள் அறிவிப்பாளர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டோம்" என்றார். நான் எழுந்து தடுப்பதற்குள் மாமாவுக்கு நேரே நின்று, இரண்டு கையையும் கூப்பி, தலையைத் தாழ்த்தி, ஓர் எழுத்துப் பிசகாமல் பயபக்தியோடு சொன்னார்:

"மீசையா அது? லெவல் கிராசிங் கேட்டு!"

எனக்கு இலையில் இருந்த அப்பளம் கண்ணில் படவில்லை.

மாமா நிதானமாக எழுந்தார். வலக்கை சாப்பிட்ட கை என்பதால் இடக்கையை மட்டும் நெஞ்சில் வைத்து, அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தலை தாழ்த்தி, "ஒங்களுக்கும், ஒங்க குடும்பத்துக்கும்" என்றார்.